ஆரம்பசூரியின் கால் மணி நேரம்

பரணை ஒழிக்கிறேன் பேர்வழி என்று ஏறிய கணவன், ஒரு கறுப்புப் பெட்டியோடு இறங்கி வந்தான். தூசியை ஊதிவிட்டுக் கூடத்து மேஜையில் வைத்துத் திறந்தான். உள்ளே கிளாரினெட், கழற்றிய துண்டுகளாக நீல வெல்வெட்டில் பதிந்து கிடந்தது. மகள் பள்ளியில் படித்தபோது அழுது புரண்டு வாங்கிக்கொண்டது. சில வாரம் ஊதினாள். பிறகு அது இருப்பதையே மறந்துபோனாள். இப்போது வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள்.

“யாராவது கேட்டா குடுத்திரலாம். சும்மா இடத்தை அடைக்குது” என்றான்.

“குடுக்க வேணாம். நான் கத்துக்கறேன்.”

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று சொல்கிற நொடிவரை அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்கள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து, கேலி செய்யாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவனாக ஆகிவிட்டான். கெட்ட மனசு கிடையாது. ஆனால் அவன் கேலிக்கு இந்த வீட்டில் அகப்படுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

“ஒரு கையோட நிக்கற ஸ்வெட்டர் அலமாரில இருக்கு. நீச்சல் கத்துக்கப் போனே, முழங்கால் தண்ணியோட திரும்பி வந்தே. மாடித் தோட்டம் போட்டே, தொட்டி மட்டும் மிச்சம். இப்ப இதுவா? சரி, ஆரம்பி. ஆரம்பிக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாதே!”

ஆரம்பசூரி. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவள் நாத்தனார், அதாவது இவனுடைய அக்கா. கல்யாணமான புதிதில் வைத்தது. நாளடைவில் அது சுருங்கி ‘சூரி’யாகி, சொந்தக்காரர் எல்லோருக்கும் பழகிப்போய், கடைசியில் அவள் வேலை பார்க்கும் டிப்போவரை வந்து சேர்ந்துவிட்டது. அவள் பேருந்து ஓட்டுகிறவள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், இன்றுவரை இறங்கவில்லை. மழையிலும் வெயிலிலும், பயணிகளின் வசவிலும் அதை மட்டும் விட்டதில்லை. ஆனால் சம்பளத்துக்குச் செய்வதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்று அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாகக் கூடவே சேர்ந்து சிரித்தவளுக்கு, ஒரு பரண் ஒழித்த நாளில் சிரிப்பு வரவில்லை. பெட்டியை மூடி இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண் கிளாரினெட் சொல்லித்தருகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். போய்ப் பார்த்தால், டீச்சர் அவள் மகளைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கிராப்பு வெட்டிய தலை. ஒரு மாணவன் போய் அடுத்த மாணவன் வருவதற்குள் பன்னைக் கடித்து மென்று விழுங்கிவிடும் வேகம். மாலையில் ஓர் இசைக்குழுவில் வாசிக்கிறவள்.

“தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்குவீங்க அக்கா?”

“ரெண்டு மணி நேரம் ஒதுக்கறேன் டீச்சர்” என்றாள் இவள், நெஞ்சை நிமிர்த்தி.

“வேணாம். கால் மணி போதும்.”

“கால் மணியா? அதுல என்னத்தைக் கத்துக்கறது?”

“ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டுப் போனவங்கள்ல பாதிப் பேரை அடுத்த மாசம் நான் பாக்கவே இல்லக்கா. கோவிச்சுக்காதீங்க. கால் மணி. ஆனா தினமும். அதுவும் நேரம் கெடைச்சா பாக்கலாம்னு இல்ல. நீங்க எப்படியும் செய்யற ஒரு வேலை இருக்குமில்ல, அதோட முடிச்சுப் போட்டிருங்க. மதியம் எப்ப சாப்பிடுவீங்க?”

“காலை ஷிப்ட் முடிஞ்சு, டிப்போல. அப்புறம் சாயங்கால ஷிப்ட் வரைக்கும் சும்மாதான் கெடப்போம்.”

“அப்ப டிபன் பாக்ஸைக் கழுவி வெச்ச கையோட இதை எடுங்க. மனசு இருக்கா இல்லையான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க.”

பாட்டு எப்போது சொல்லித்தருவீர்கள் என்று இவள் கேட்டதற்கு, டீச்சர் ஒற்றை ஸ்வரத்தைக் கொடுத்தாள். மூச்சை இழுத்து, கீழுதட்டைப் பல்லின்மேல் மடக்கி, அதை நடுங்காமல் பிடித்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். இவளுக்கு அது நாலு மூச்சுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது.

டிப்போவில் ஓய்வறை என்று ஒன்று உண்டு. நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஓயாத சீட்டாட்டம். அங்கே வாசிக்க முடியாது. எனவே நிறுத்தி வைத்திருக்கும் தன் வண்டிக்குள் ஏறி, கதவை மூடி, ஜன்னல்களை இழுத்துவிட்டு, கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊதினாள். வண்டி மூடியிருந்தால் சத்தம் வெளியே போகாது என்பது அவள் நினைப்பு. தகர உடம்பு சத்தத்தை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

“யாருடா அது, பூனையைக் கதவுல நசுக்கினவன்?” என்று ஓய்வறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பூனை இல்ல, நம்ம சூரிக்கா!” என்றான் மெக்கானிக். கை எப்போதும் கறுப்பாகவே இருப்பதால் அவனுக்கு ‘கிரீஸ்’ என்றே பெயர். டிப்போவே சிரித்தது.

அவள் நிறுத்தவில்லை. மறுநாளும் டிபன் பாக்ஸைக் கழுவினாள், கையைத் துடைத்தாள், வண்டியில் ஏறினாள். அந்த வாரக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா, தூங்கவே முடியலைன்னு எல்லாரும் புகார் சொல்றாங்க. நிறுத்திருங்களேன்.”

“ஓய்வு நேரத்துல வண்டிக்குள்ள தூங்கலாமா சார்?”

“தூங்கறாங்களே.”

“போன்ல சத்தமா படம் பாக்கலாமா?”

“பாக்கறாங்க, அதுக்கென்ன இப்ப?”

“அப்ப இதை மட்டும் ஏன் சார் நிறுத்தணும்? கூடாதுன்னு விதி இருந்தா எழுத்துல குடுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்.”

மேலாளருக்கு எழுத்தில் கொடுப்பது என்றாலே ஜுரம் வந்துவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் பின்பக்க வேலியோரம் கழித்துக்கட்டிய வண்டி ஒன்று நிற்பதை ஜன்னல் வழியே காட்டினார்.

“அதுல போய் என்ன வேணா பண்ணுங்க. என்கிட்ட கேக்காதீங்க, நானும் பாக்கலை.”

என்ஜினையும் சக்கரங்களையும் உருவிவிட்டு, கட்டைகளின்மேல் ஏற்றி வைத்திருந்த வண்டி அது. பாதி இருக்கைகளில் பஞ்சு பிதுங்கியிருந்தது. அவள் ஒரு துடைப்பத்தோடு போய்க் கூட்டினாள். அன்றிலிருந்து அந்த ஓட்டை வண்டி அவளுடையது.

நாட்கள் போகப் போக ஒரு விஷயம் பிடிபட்டது. தினமும் மனசு ஒரு சாக்கோடு வரும். இன்றைக்குத் தலைவலி, இன்றைக்குப் புழுக்கம், இன்றைக்கு ஒரு பயணியோடு சண்டை. ஆனால் டிபன் பாக்ஸைக் கழுவி முடித்ததும் கால் தன்பாட்டுக்குப் பின்வேலியை நோக்கி நடந்துவிடும். சாக்கு பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஸ்வரம் நடுங்காமல் நிற்க ஆரம்பித்தது. பிறகு இரண்டு, மூன்று என்று சேர்ந்தன.

அதன் பிறகுதான் வந்தது வில்லங்கம். கிளாரினெட்டில் கீழ் ஸ்வரங்களிலிருந்து மேலே ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதுவரை திறந்து கிடந்த துளைகளையெல்லாம் அங்கே இரண்டு கை விரல்களாலும் ஒரே நொடியில் அடைக்க வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்சென்று அலறும்.

“இந்த இடத்துக்கு பிரேக்னு பேரு” என்றாள் டீச்சர்.

“பிரேக்கா! டீச்சர், எனக்கே பிரேக் பிடிக்கச் சொல்லித்தரீங்களா?”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த பிரேக் பிடிக்கவில்லை. எத்தனை முறை ஊதினாலும் கீச். பலமாக ஊதினால் பலமாகக் கீச். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து ஆரம்பித்து ஏறி வந்து, அதே இடத்தில் போய் மோதுவாள். டீச்சர் அதைக் கவனித்துவிட்டு, “நல்லா வர்றதையே திரும்பத் திரும்ப வாசிச்சுச் சந்தோஷப்பட்டுக்கறீங்க அக்கா. அந்த ரெண்டு ஸ்வரத்தை மட்டும் எடுங்க. வந்த உடனே அதை முதல்ல எடுங்க” என்றாள்.

அவளுக்குப் புதிதாக வண்டி ஓட்டப் பழகிய நாட்கள் ஞாபகம் வந்தன. பழைய வண்டியின் கியர் விழாமல் கரகரவென்று அரைத்தபோது, என்ஜினை அணைத்துவிட்டு வெறும் கம்பியை மட்டும் அசைத்து அசைத்துக் கைக்குப் பழக்கினாளே, அதுபோல இதையும் செய்து பார்த்தால் என்ன? ஊதாமல், விரல்களை மட்டும் திறந்து மூடினாள். வெளியே யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படியே ஒரு வாரம் செய்த பிறகு ஊதினாள். ஒரு தடவை வந்தது. வந்தது நிஜந்தானா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்த தடவை கீச்.

இந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து படுத்தாள்.

காய்ச்சல் நாலு நாளில் விட்டது. ஆனால் அவள் வாத்தியத்தைத் தொடவில்லை. முதலில் இருமல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். இருமல் நின்றதும், உடம்பு தேறட்டும் என்றாள். பிறகு சாக்கே தேவைப்படவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டுப் பெஞ்சிலேயே படுத்துவிட்டாள். உண்மையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. எடுத்து ஊதினால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரியாமலே இருந்துவிட்டால் தேவலை. டீச்சருக்கு இன்னும் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாள். பெட்டியை வீட்டில் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். கணவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததில் ஒரு சந்தோஷம் ஒளிந்திருப்பதுபோல அவளுக்குப் பட்டது.

ஒரு மதியம் கிரீஸ் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. முடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கலாமா?”

“எது முடிஞ்சிருச்சு?”

“அதான், வாசிக்கறது. பசங்க ஒரு பந்தயம் கட்டினாங்க, நீங்க எப்ப விடுவீங்கன்னு. ஜெயிச்சவங்களுக்கு மத்தவங்க எல்லாரும் சேர்ந்து விருந்து. வாரக் கணக்கா சத்தத்தையே காணோமேன்னு எல்லாரும் என் கழுத்தை நெரிக்கறாங்க.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“யாரு ஜெயிச்சா?”

கிரீஸ் கால் மாற்றி உட்கார்ந்தான். “அது... டிப்போ ஆள் இல்லக்கா. வெளியாளு. போன மாசம் கண்ணாடி மாத்தப் போனப்ப விளையாட்டாச் சொன்னேன். என்னையும் சேத்துக்கோன்னாரு. மழை ஆரம்பிக்கறதுக்குள்ள விட்டுருவான்னு சொன்னாரு. உங்க வீட்டுக்காரர்தான்.”

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அதை விழுங்கினாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“இன்னும் முடியலைன்னு சொல்லு.”

“அக்கா?”

“முடியலைன்னு போய் எல்லார்கிட்டயும் சொல்லுடா.”

நனைந்துகொண்டே சாலைக்குப் போய், வந்த பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அடுத்த பேருந்தில் திரும்பி வந்து, ஓய்வறைக்கு எதிரிலேயே சேற்றில் கால் வைத்து நடந்து, ஓட்டை வண்டியில் ஏறினாள். சாயங்கால ஷிப்டுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஊதினாள். பயந்தது சரிதான். ஸ்வரம் ஆடியது, உதடு மரத்தது, மூச்சு பாதியில் அறுந்தது. பிரேக் பக்கம் போனதும் டிப்போவே அதிர்கிற மாதிரி ஒரு கீச்.

“கேட்டுக்குங்கடா!” என்று உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஊதினாள்.

வகுப்புக்குப் போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னாள். திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தாள். டீச்சர் பன்னை மென்றுகொண்டே, “நானே ஒரு வருஷம் தொடாம இருந்திருக்கேன் அக்கா” என்றாள். “விட்ட நாளையெல்லாம் சேத்துவெச்சு ஈடுகட்டறேன்னு மட்டும் எறங்கிராதீங்க. இந்த வாரம் அஞ்சே நிமிஷம். கை அரிக்கும், இன்னும் வாசிக்கலாம்னு தோணும். அப்ப பெட்டியை மூடிருங்க. நாளைக்கு நீங்களா ஓடி வருவீங்க.”

கணவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். நாத்தனார் புருஷன், அவர்கள் மகன், மருமகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு, நாற்காலிகளில் சாய்ந்துகொண்டார்கள். இவள் அடுப்படியில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்தாள்.

“அட, நம்ம சூரி பாட்டு வாசிக்கப் போறாளா?” என்று நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இன்னுமா விடலை இதை?”

“விட்டுட்டா, மறுபடி ஆரம்பிச்சிருக்கா. ஆரம்பிக்கறதுல...” என்று கணவன் தொடங்கினான்.

“பாட்டு இல்ல அண்ணி. இது என்னோட பயிற்சி நேரம்” என்றாள் இவள், ஊதுவாயில் பொருத்தும் நாணல் பட்டையான ரீடை நாக்கில் வைத்து நனைத்தபடி. “உங்களுக்கு இம்சையா இருந்தா உள்ளறையில போய்ப் படுத்துக்குங்க.”

“எல்லாரும் இருக்காங்கம்மா. அப்புறமா வெச்சுக்கயேன்” என்றான் கணவன் குரலைத் தாழ்த்தி.

“இருக்கட்டுமே. பந்தயம் கட்டினவரும்தான் இருக்கார்.”

அவன் முகம் சுருங்கியது. “யாரு... கிரீஸ் சொன்னானா?”

“யாரு சொன்னா என்ன? மழை வந்து போயிருச்சுங்க. நான் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தான்.

அவள் ஊதினாள். அவர்களுக்குப் பிடித்ததாக ஒன்றும் வாசிக்கவில்லை. தெரிந்த ஸ்வரங்களை அழகாகக் கோத்துக் காட்டியிருக்கலாம். நாலு பேர் கை தட்டியிருப்பார்கள். அதை ஒதுக்கிவிட்டு நேராக பிரேக்குக்குப் போனாள். அந்த இரண்டு ஸ்வரங்கள். மெதுவாக, மறுபடி மெதுவாக. கீச்சென்றதும் நிறுத்தி, ஊதாமல் விரல்களைப் பழக்கி, மறுபடி ஊதினாள். மருமகள் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்தாள். நாத்தனார் தன் புருஷனைப் பார்த்தாள், அவர் கூரையைப் பார்த்தார். நாத்தனார் மகன் மட்டும் ஒரு கட்டத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு, அடுத்தது வருமா வராதா என்று முன்னால் குனிந்து கேட்க ஆரம்பித்தான். இவள் யாரையும் பார்க்கவில்லை. காது மடல்கள் எரிந்தன, வியர்த்தது. இத்தனை பேர் முன்னால் இவ்வளவு மோசமாக வாசிக்க முடிகிறதே என்று உள்ளுக்குள் ஒரு திமிர்கூட வந்தது. நேரம் முடிந்ததும் வாத்தியத்தைக் கழற்றி, துணி விட்டுத் துடைத்து, பெட்டியை மூடினாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் நாத்தனார்.

“இன்னிக்கு முடிஞ்சுது அண்ணி. காபி போடட்டுமா?”

அவர்கள் போன பிறகு கணவன் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். குழாயடியில் அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

“விளையாட்டாத்தான் கட்டினேன்” என்றான்.

“தெரியும். எல்லாத்தையும் விளையாட்டாத்தான செய்வீங்க. எனக்குத்தான் அது விளையாட்டா இல்ல.”

“உன்னைத் தோக்கடிக்கணும்னு இல்ல. நீ விட்டுருவேன்னு நெஜமாவே நெனைச்சேன்.”

“அதான் வலிக்குது.”

அவன் டம்ளர்களைக் கழுவினான். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான். அவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

“இப்ப நான் என்ன பண்ணணும்?” என்றான் கடைசியில்.

“தோத்துட்டீங்கல்ல? விருந்து போடுங்க. டிப்போவுக்கே.”

போட்டான். அடுத்த வாரம் கடையை மூடிவிட்டு, பெரிய பெரிய பாத்திரங்களோடு ஓர் ஆட்டோவில் டிப்போவுக்கு வந்து இறங்கினான். மேலாளர்கூட இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிரீஸ் முதல் தடவையாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பரிமாறினான். கணவன் ஒவ்வொருவரிடமும் போய், தான் தோற்றுப்போன கதையைத் தானே சொன்னான். சொல்லும்போது சிரித்தான்தான், ஆனால் இந்தத் தடவை சிரிப்பு அவன்மேலேயே இருந்தது.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச்சு சூடு பிடித்த நேரத்தில் அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள்.

“எங்கக்கா கெளம்பிட்டீங்க? உங்களுக்காகத்தான் விருந்தே! இன்னிக்கு ஒரு நாளாவது உக்காருங்க” என்றான் கிரீஸ்.

“நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பின்வேலிப் பக்கம் நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு நீண்ட ஸ்வரம் கிளம்பி வந்தது. அடுத்தது மேலே ஏறி நின்றது. மறுபடி முயன்றபோது கீச்சென்று அலறியது. பந்தியில் யாரும் தலை நிமிரவில்லை. குழம்புக் கரண்டி கைமாறியது. அவள் முதலிலிருந்து எடுத்தாள்.